பள்ளத்தில் நிற்கும் புள்ளி

ஜன்னல் சீட்டை நீங்களே வெச்சுக்குங்க சார். நான் இந்தப் பக்கமே உட்கார்ந்துக்கறேன். எந்த பஸ்ஸானாலும் துண்டு போட்டு ஜன்னலைப் பிடிக்கிற ஆளுதான் நான். இன்னிக்கு வேண்டாம். இன்னும் கொஞ்சம் மேலே ஏறினா உங்க கையோரம் பள்ளம் வந்துடும். அதை நான் பார்க்க முடியாதுங்க.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தலைசுத்தல், வாந்தி, அந்த மாதிரி எதுவும் இல்ல. இந்த போனைக் கொஞ்சம் பாருங்க. மடியில இருக்கிற பெட்டியைக் கீழே வெக்கலாமே? ஓ, மாட்டுக்குப் போடற ஊசி மருந்தா, சரி சரி, குலுங்கக் கூடாது, வெச்சுக்குங்க. இந்தக் கோடு தெரியுதுங்களா, வளைஞ்சு வளைஞ்சு போகுதே? அது நாம போற ரோடு. அந்தியூர்ல இருந்து பர்கூர் மலை ஏறுற ரோடு. இந்தப் புள்ளி என் லாரி. ஓடினா பச்சை, நின்னா சிவப்பு. கோடு இங்கே இருக்குது, புள்ளி அங்கே இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல் அகலம். அது அறுபது மீட்டர் சார். ரோட்டைத் தாண்டி அறுபது மீட்டர்ல என்ன இருக்குதுன்னு இந்தப் பக்கம் வந்து போற உங்களுக்கு நான் சொல்லணுமா?

காலையில ஆறு நாப்பதுல இருந்து அங்கேயேதான் நிக்குது. இப்ப மணி பதினொண்ணு ஆச்சு.

வண்டியில இருக்கிறது என் தங்கச்சி புருஷன். அர்த்தநாரின்னு பேரு. போன் போட்டா அணைச்சு வெச்சிருக்குதுன்னு ஒரு பொம்பளை சொல்லுது. காலையில இருந்து அந்தப் பொம்பளைகிட்ட எத்தனை தடவ பேசிட்டேன்னு எனக்கே தெரியாது.

போலீசுக்குச் சொல்லலாமேன்னு கேக்கறீங்க. சொல்லலாம். சொன்னா தேடுவாங்க. தேடினா கிடைச்சுடுமே சார்.

பைக்லதான் கிளம்பினேன். போனையே பார்த்துக்கிட்டு ஓட்டினதுல ரெண்டு இடத்துல வண்டி சாஞ்சுடுச்சு. அந்தியூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கடை ஓரமா போட்டுட்டு இதுல ஏறிட்டேன். தங்கச்சி சம்பூர்ணம் எட்டு தடவ கூப்பிட்டுடுச்சு. ஒரு தடவ எடுத்து, "மலையில சிக்னல் இருக்காது அம்மிணி, சாயங்காலம் பேசுவான்"னு சொல்லி வெச்சுட்டேன். அப்புறம் எடுக்கல. என்ன சொல்லச் சொல்றீங்க?

இந்தப் புள்ளியைக் காட்டற பொட்டியை லாரியில நான் மாட்டினது பங்குனி மாசம். சங்ககிரியில லோடு மூட்டை தூக்கி, அடி வாங்கி, ஏமாந்து, அப்புறம் ஏமாறாம இருக்கக் கத்துக்கிட்டு ஒத்தை லாரி வாங்கினவன் நான். நல்லமுத்து வர்றான்னா கடைக்காரன் விலையை ஏத்தி வெச்சுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பான். அது எனக்கும் தெரியும். அந்த ஏத்தினதுக்கும் கீழே இறக்கிட்டுத்தான் வருவேன். சேலத்துல ரியாஸ்னு ஒரு பையன், லாரிக்கு இந்த எச்சரிக்கைப் பொட்டி மாட்டிக் குடுக்கிறவன். நல்ல பையன்தான், ஆனா வாயைத் திறந்தா பாடம் நடத்துவான்.

"மேலே இருந்து சாட்டிலைட் நம்ம வண்டியைப் பார்த்துக்கிட்டே இருக்குமா?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணா. அதுக்கு உங்க வண்டி இருக்கிறதே தெரியாது. 'நான் இங்கே இருக்கேன், இப்ப மணி இத்தனை'ன்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டுச் சுத்தும். பொட்டி அதைக் கேட்டுக்கும். அவ்வளவுதான்."

"மணியைக் கேட்டா இடம் எப்படிடா தெரியும்?"

"மின்னல் வெட்டினா நாலு எண்ணிட்டு இடி வருதுன்னு வைங்க. எவ்வளவு தூரத்துல விழுந்துச்சுன்னு சொல்லிடுவீங்கல்ல? அதே கணக்குதாண்ணா. அங்கே கிளம்பின நேரம் தெரியும், இங்கே வந்து சேர்ந்த நேரம் தெரியும், நடுவுல எவ்வளவு தூரம்னு பொட்டி கண்டுபிடிச்சுக்கும். அப்படி நாலு சாட்டிலைட்ல இருந்து தூரம் கிடைச்சா, நாலும் ஒத்துப்போற இடம் ஒண்ணே ஒண்ணுதான். அதுதான் புள்ளி."

"மூணு பத்தாதா? நாலாவது எதுக்கு?"

"சாட்டிலைட்ல இருக்கிறது ஒசத்தியான கடிகாரம். நம்ம பொட்டியில இருக்கிறது சாதாக் கடிகாரம். அது தப்பா ஓடும். அந்தத் தப்பைத் திருத்தறதுக்குத்தான் நாலாவது."

"அப்ப மூணுக்கு மட்டும் விலை போடு. நாலாவதைக் குறைச்சுக்க."

சிரிக்காதீங்க சார். அவனும் இப்படித்தான் சிரிச்சான். "சாட்டிலைட்டுக்கு நான் காசு வாங்கலண்ணா, வானத்துல இருந்து அது சும்மா வருது"ன்னான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. சும்மா வர்றதுக்கு எதுக்குடா இவ்வளவு விலைன்னு அதை வெச்சே இன்னும் இறக்கினேன். கேபின் கூரை மேல ஒரு ஆன்டெனா ஒட்டணும், கூரைத் தகரத்துக்குள்ள பொட்டிக்கு வானம் சரியாத் தெரியாதுன்னான். அதை வெட்டிட்டேன். தகரத்துக்குள்ள என் ரேடியோ பாடலையா?

அப்புறம் எச்சரிக்கை வரிசை. அபாய வளைவு, பள்ளிக்கூடம், அடிக்கடி விபத்து நடக்கிற இடம், இதெல்லாம் பொட்டிக்குள்ள ஏத்தி வெச்சிருக்கும். வண்டி கிட்டே போனா, "முன்னால் அபாய வளைவு, வேகம் குறைக்கவும்"னு ஒரு பொம்பளைக் குரல் பேசும். நல்லதுதான், இருக்கட்டும்னேன். நாலு மணி நேரம் விடாம ஓட்டினா, "ஓய்வு எடுக்கவும்"னு சொல்லுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. என் காசுல வாங்கி, என் வண்டியில மாட்டி, என் டிரைவரைப் படுத்துத் தூங்குன்னு சொல்றதுக்கு ஒரு பொட்டியா? அதை எடுடான்னேன். அதுக்குப் பதிலா, பத்து நிமிஷத்துக்கு மேல வண்டி நின்னா கத்தணும்னேன்.

"அண்ணா, இது டிரைவரை எச்சரிக்கிற பொட்டி. விரட்டற பொட்டி இல்ல"ன்னான்.

"காசு குடுக்கிறவன் நானா, நீயா?"

போட்டுக் குடுத்துட்டான். "வண்டி நிற்கிறது, புறப்படவும்." அதே பொம்பளைக் குரல். பத்து நிமிஷம் ஆனதும் நிறுத்தின இடத்துல கத்த ஆரம்பிக்கும், சக்கரம் உருளுற வரைக்கும் ஓயாது.

மாட்டின மறுவாரமே கிளீனரை நிறுத்திட்டேன். வளைவு வருதுன்னு சொல்லப் பொட்டி இருக்குது, தூங்க விடாம கத்தறதுக்குப் பொட்டி இருக்குது, கூட ஒரு ஆளுக்கு எதுக்குப் படி? முன்னே வாரத்துக்கு மூணு நடை. பொட்டி வந்தப்புறம் அஞ்சு. சங்ககிரியில வேற எந்த வண்டி அஞ்சு நடை ஓடுதுன்னு கேட்டுப் பாருங்க.

அர்த்தநாரி அதிகம் பேசாத ஆளுங்க. முதல் மாசம் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். "மச்சான், ஓட்டல்ல சோத்துக்கு உக்காந்தா ரசம் ஊத்தறதுக்குள்ள வண்டி கத்துது. பக்கத்து டிரைவருங்க எல்லாம் 'உன் பொண்டாட்டி கூப்பிடுது பாரு, ஓடு'ங்கறானுங்க." நானும் சிரிச்சேன். ரெண்டாவது மாசம், "வயித்தாலே போச்சு மச்சான், புதருக்குள்ள இருக்கறப்பக் கத்துது"ன்னான். கொஞ்சம் முன்னாலயே போய்ட்டு வர்றதுதானேன்னேன். மூணாவது மாசம் ஒண்ணும் சொல்லல. நான் பழகிட்டான்னு நெனச்சேன்.

இது எத்தனாவது வளைவுங்க? பார்த்துச் சொல்லுங்க, கல்லுல எழுதியிருக்கும். அஞ்சா? புள்ளி ஒம்பதாவதுல நிக்குது. இந்த பஸ்காரன் மாட்டு வண்டி மாதிரி உருட்டறான் பாருங்க. ஏனுங்க டிரைவர், கியர் மாத்தறதுக்கு நல்ல நேரம் பார்க்கறீங்களா? ...சரி சார், சரி, கத்தல. நீங்க சொல்றது சரிதான், மெதுவாப் போகட்டும். மெதுவாவே போகட்டும்.

நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னா, திண்டுக்கல் போய்ட்டுப் பன்னெண்டு மணிக்கு வந்தான். அதுக்கு முந்தின நாள் ஓசூர். கண்ணு ரெண்டும் மிளகாய்ப் பழம். கொள்ளேகாலத்துக்கு ஜவ்வரிசி லோடு தயாரா நின்னுச்சு. "மச்சான், இன்னிக்கு ஒரு ராத்திரி வீட்ல படுத்துக்கறேன். விடிஞ்சு எடுக்கறேன்"ன்னான். பார்ட்டி காத்திருக்கிறான்டா, தூக்கம் வந்தா டீ குடின்னேன். "டீ குடிக்க நிறுத்தினாலும் கத்துதே"ன்னான். எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. "என் தங்கச்சி கழுத்துல தாலி கட்டினதால நீ டிரைவர். இல்லேன்னா உன்னை எவன் வெச்சுக்குவான்? வண்டி என்னுது, புள்ளி என் கையில இருக்குது, எங்கே போய்ப் படுத்தாலும் தெரியும்"னு கேட்டுட்டேன். லோடு ஏத்தற ஆளுங்க நாலு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. லோடு ஏத்தி முடிஞ்சதும், மூணு மணிக்கு, அவன் சாவியை எடுத்துக்கிட்டுப் போய் ஏறிட்டான்.

நான் பேசறது எல்லாருக்கும் பழக்கம்தானே சார். அது வெறும் வாய், உள்ளே ஒண்ணும் இருக்காது. அவனுக்கும் அது தெரிஞ்சிருக்கும். தெரியாமயா பதினாறு வருஷம் ஓட்டினான்?

இன்னிக்குக் காலையில ஆறு நாப்பதுக்கு போன்ல ஒரு சேதி வந்துச்சு. "மெயின் பேட்டரி இணைப்புத் துண்டிக்கப்பட்டது." பார்த்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? டீசல் விக்கறான்னு தோணுச்சு. சத்தியமாங்க. ஒயரைக் கழட்டிட்டு டீசலை இறக்கறான், வரட்டும், நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்னு, என்ன கேக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே காப்பி குடிச்சேன். குளிச்சேன். ஒரு மணி நேரம் சார். அந்த ஒரு மணி நேரமும் நான் அவனைத் திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் வாகா மாட்டட்டும்னு, எந்த இடத்துல நிக்கறான்னு பார்க்க மேப்பை விரலால பெருசு பண்ணினேன்.

கோடு ஒரு பக்கம். புள்ளி ஒரு பக்கம்.

ரியாஸுக்குப் போட்டேன். எடுத்ததும், "உன் பொட்டி குப்பைன்னு சொல்லுடா"ன்னேன். அவன் பயந்துட்டான். நாலு மாசத்துக்கு முன்னே ரெண்டு அடி தப்பாக் காட்டினாக்கூடத் திருப்பிக் குடுத்துடுவேன்னு நின்னவன் நான், இன்னிக்கு அவன்கிட்டே கெஞ்சறேன். "ஆன்டெனா போடலல்ல, அதனால தப்பாக் காட்டும்தானே? மலைப்பாறையில பட்டு வர்றதால ரோட்டை விட்டுத் தள்ளிக் காட்டும்னு நீதானே சொன்னே? சொல்லு ரியாஸு, தப்புதானே?"

"காட்டும்ணா. சாட்டிலைட் சத்தம் பாறையில மோதிச் சுத்தி வந்தா, தூரம் அதிகமாத் தெரியும், புள்ளி தள்ளிப் போகும். ஆனா அப்படின்னா ஒரு இடத்துல நிக்காது, ஆடும். ஆடுதா?"

"ஆடல."

"இருங்க, இங்கே கம்ப்யூட்டர்ல பார்க்கறேன்."

அவன் பார்த்துக்கிட்டிருந்த அந்த நேரம் இருக்குதே சார். அப்புறம் மெதுவாச் சொன்னான். "அண்ணா, எப்பவும் உங்க வண்டிக்கு அஞ்சு சாட்டிலைட், ஆறு சாட்டிலைட்தான் கேக்கும். கூரைக்குள்ள இருக்குதுல்ல. இப்ப ஒம்பது கேக்குது. பளிச்சுன்னு கேக்குது."

"அப்படின்னா?"

"பொட்டிக்கு வானம் நல்லாத் தெரியுதுண்ணா."

கூரை இருந்தா வானம் எப்படிங்க தெரியும்?

அவன் வேற என்னமோ சொல்ல வந்தான். "அண்ணா, இன்னொரு காரணமும் இருக்கலாம், பொட்டியை"ன்னு இழுத்தான். நான் வெச்சுட்டேன். கேக்கற தெம்பு எனக்கு இல்ல. பேட்டரி அறுந்துடுச்சு, கூரை பிஞ்சுடுச்சு, அசையாமக் கெடக்குது. இதுக்கு மேல இன்னொரு காரணம் வேற எதுக்கு? உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்குது, அது ஒரு நாள் தாங்கும், அதனாலதான் இன்னும் காட்டிக்கிட்டு இருக்குது. அவன் போன் செத்துப் போச்சு. இந்தச் சனியன் மட்டும் சாகல.

எங்க கருப்பனாருக்கு ஒரு கெடா வெட்டறேன்னு பவானியில ஆரம்பிச்சேன். அந்தியூர்ல ரெண்டுன்னேன். இப்ப எத்தனைன்னு எனக்கே தெரியல. பிறந்ததுல இருந்து எதுலயும் நானா விலையை ஏத்தினதில்ல சார். எதிர்ல இருக்கிறவன் பேசவே மாட்டேங்கறான்.

எட்டுங்களா? கண்டக்டர், அடுத்த வளைவுல நிறுத்துங்க. தெரியும், ஸ்டாப் இல்லேன்னு தெரியும். தம்பி, உன் கால்ல வேணும்னாலும் விழறேன். என் மாப்பிள்ளை அங்கே... சார், நீங்க சொல்லுங்க சார் அவங்ககிட்டே.

பெரிய மனசு டிரைவர். எஞ்சின் சூடு ஆறட்டும்னு நிறுத்தினதா இருக்கட்டும். அஞ்சு நிமிஷம் போதும்.

நீங்க முன்னாலே போய்ப் பாருங்க. பெட்டியை நான் பிடிச்சுக்கறேன், ஆட்டாமப் பிடிச்சுக்கறேன். நான் இங்கேயே நிக்கறேன். பார்த்துட்டு, நேராச் சொல்லாதீங்க, மெதுவாச் சொல்லுங்க.

ரோட்டோரச் சுவர் இடிஞ்சிருக்குதா? ...இல்லையா? நல்லாப் பாருங்க. ஒரு கல்லுகூட விழலையா? அந்தக் கோடு என்ன? சுவர் மேல நீளமா ஒரு கோடு. நீலமா? என் வண்டி நீலம் சார். ஐயோ, என் வண்டி நீலம் சார். கீழே பாருங்க. மரம் முறிஞ்சிருக்குதா? மூட்டை சிதறி, வெள்ளையா ஜவ்வரிசி கொட்டி... ஒண்ணுமே இல்லையா? புல்லுகூடச் சாயலையா? பன்னெண்டு டன் வண்டி சார், புல்லு சாயாம எப்படி விழும்? அப்ப புள்ளி? புள்ளி இங்கேதானே நிக்குது, நாம நிக்கிற இடத்துக்கு நேர் கீழே!

போன்.

அர்த்தநாரின்னு வருது.

நான் எடுக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாது சார், செத்தவன் போன்ல இருந்து போலீஸ்காரன்தான் கூப்பிடுவான். எங்க ஊர்ல ரெண்டு வீட்டுக்கு அப்படித்தான் சேதி வந்துச்சு. நீங்க எடுங்க. புண்ணியமாப் போகும். எடுத்து, வண்டி ஓனருக்குத் தெரிஞ்சவருன்னு சொல்லுங்க.

...என்னங்க? ஏன் என்கிட்டே குடுக்கறீங்க? யாரு?

அலோ.

மாப்ள. டேய் மாப்ள. அர்த்தநாரி. நீயா? நீதானா? எங்கேடா இருக்கே?

சார், பேசறான் சார். உசுரோட பேசறான். மலைக்கு அந்தப் பக்கம் கர்கேகண்டி தாண்டிட்டானாம். டீ குடிச்சுக்கிட்டு இருக்கானாம். கண்டக்டர், என் மாப்பிள்ளை டீ குடிக்கறானாம்! இருங்க, என்னமோ சொல்றான். சொல்லு மாப்ள, சொல்லு.

...

ஒம்பதாவது வளைவுல ஓட்டிக்கிட்டே தூங்கிட்டானாம் சார். பொட்டி கத்தலையாடா, அபாய வளைவுன்னு சொல்லியிருக்குமே? சொல்லுச்சாம். "அது எந்நேரமும் என்னமோ சொல்லிக்கிட்டேதானே இருக்குது மச்சான், இப்பெல்லாம் காதுல விழறதே இல்ல"ங்கறான். சுவர் உரசின சத்தத்துலதான் கண்ணைத் திறந்தானாம். முன் சக்கரம் சுவரை முட்டிக்கிட்டு நின்னுச்சாம். இறங்கி, ரோட்டுல உக்காந்து, அழுதிருக்கான் சார். பத்து நிமிஷம் ஆச்சாம். "வண்டி நிற்கிறது, புறப்படவும்"னு சொல்லுச்சாம். ஏறி, ஒயரோட பிடுங்கி, இந்தப் பள்ளத்துல வீசிட்டானாம். போனையும் அணைச்சுட்டு, வண்டியை ஓரமாப் போட்டுட்டு, மூணு மணி நேரம் தூங்கினானாம்.

மூணு மணி நேரமாடா?

இல்ல மாப்ள. இல்ல, நான் அந்த அர்த்தத்துல கேக்கல. வாயில வந்துடுச்சு. மாப்ள, இருக்கியா?

...

லோடை இறக்கிட்டு, வண்டிச் சாவியைப் பார்ட்டிகிட்டே குடுத்துட்டு, பஸ்ல வீட்டுக்குப் போறானாம். வந்து வண்டியை எடுத்துக்கங்க மச்சான்கிறான். இனிமே ஓட்டலையாம். கோவமாக்கூடச் சொல்லல சார்.

மாப்ள, நான் சொல்றதைக் கேளு. பத்து நிமிஷம் வேண்டாம். அரை மணி போடச் சொல்றேன். அரை மணி நிறுத்திக்க, ஒரு சத்தம் வராது. சரி, முக்கால் மணி. கிளீனரை வரச் சொல்லிடறேன். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஓய்வெடுன்னு சொல்லுமே, அதையும் போடச் சொல்றேன், அது எனக்குச் சம்மதம். வாரத்துக்கு நாலு நடை. மூணு! ஒரு மணி நேரம் நிறுத்திக்க, இதான் கடைசி, இதுக்கு மேல... இல்ல, இல்ல. நான் சொல்லல. நீயே சொல்லு. நீ என்ன சொல்றியோ அதுதான், நான் குறைக்கவே மாட்டேன். சொல்லு மாப்ள.

மாப்ள?

சார், சிக்னல் போயிடுச்சா பாருங்க. இருக்குதா? அப்ப அவனா வெச்சானா? திருப்பிப் போடுங்க, உங்க போன்ல இருந்து போடுங்க, என் நம்பர்னா எடுக்க மாட்டான்.

...மறுபடியும் அந்தப் பொம்பளைதானா?

கொஞ்சம் இருங்க டிரைவர், வர்றேன். அவன் தூங்கினது பத்தாது சார். மூணு நாளைக்கு மூணு மணி நேரம் எந்த மூலைக்கு? இன்னும் வழி பூரா வளைவு. எங்கே நிக்கறான், எங்கே ஓட்டறான், கண்ணு திறந்திருக்குதா, மூடிடுச்சா, எனக்கு எப்படிங்க தெரியும்? புள்ளி இங்கே கீழேதானே கெடக்குது.